ஒரு மாசம் தள்ளிப்போன திதி

எங்க வீட்டுக்காரர் ஸ்தனிஸ்லாஸைப் பத்திப் பாலக்கரையில யாரைக் கேட்டாலும், "இங்கிலீஷ் தெரிஞ்ச மனுஷன்"னுதான் சொல்லுவாங்க. அதைக் கேக்கறப்பல்லாம் எனக்குப் பத்திக்கிட்டு வரும். அந்த இங்கிலீஷ்ல ரெண்டே ரெண்டு வார்த்தை அந்த மனுஷனை வருஷக்கணக்கா தூங்க விடாம அடிச்சுது. நான் அவர் பொண்டாட்டி அற்புதம்மாள். பக்கத்துல படுத்துக் கிடந்தவ சொல்றேன், கேட்டுக்குங்க.

அவங்க அப்பா மாதா கோயில் சாமியார் பங்களாவுல சமையல் பண்ற குசினிக்காரர். அதனால இவர் எட்டு வயசுலேயே பீடத்துல பூசைக்கு உதவி செய்ய ஆரம்பிச்சிட்டார். லத்தீன் ஜெபம் முழுக்க மனப்பாடம். அர்த்தம் பாதி தெரியும், பாதி தெரியாது. ஆனா தெரியாதுன்னு சொல்ல மட்டும் வாய் வராது. பள்ளிக்கூடப் படிப்பை முடிச்சிட்டு அரியமங்கலத்துல ஒரு இரும்புக் கம்பெனியில தபால் குமாஸ்தாவா சேர்ந்தார். வர்ற கடுதாசியை நோட்டுல ஏத்தறது, போற கடுதாசிக்கு ஸ்டாம்பு ஒட்டறது, அதான் வேலை. சாயங்காலம் சைக்கிளை நிறுத்திட்டுச் சட்டையைக் கழட்டறதுக்குள்ள வாசல்ல ரெண்டு பேர் இங்கிலீஷ் கடுதாசியோட நிப்பாங்க. கையில வாங்கி, கண்ணாடியைத் துடைச்சு, தொண்டையைச் செருமி, அடேயப்பா, பெரிய கவர்னர் கணக்கா படிப்பார். வந்தவங்களுக்குக் காப்பி போட்டுக் கொடுக்கறது என் பாடு.

எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவுல ஒரே சுவர். அங்கே அண்ணன் தம்பி ரெண்டு பேர் குடும்பம். மூத்தவர் மாத்ருபூதம், மரம் அறுக்கிற மிஷின்ல மேஸ்திரி. அவர் பொண்டாட்டி மீனாம்பாள். இளையவர் தாயுமானவன், அவர் பொண்டாட்டி சகுந்தலா. ஓரகத்திங்க ரெண்டு பேரும் கூடப் பிறந்தவங்க மாதிரிதான் இருந்தாங்க. சகுந்தலா வாய்க்கு வாய் "அக்கா, அக்கா"ன்னு மீனாம்பாவையே சுத்திக்கிட்டு இருப்பா.

ஐம்பத்தஞ்சுல மாத்ருபூதத்துக்கு அந்தமான்ல ஒரு மரக் கம்பெனியில வேலை வந்துச்சு. மீனாம்பாவுக்கு அவரை அனுப்ப இஷ்டமே இல்லை. அழுதா, கெஞ்சினா, சண்டை போட்டா. கிளம்பற அன்னைக்குக் கத்தினது சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கே கேட்டுச்சு. "போங்க! போய்த் தொலைங்க! திரும்பி வந்தா இந்த வீட்டுல உங்களுக்குச் சோறு போட மாட்டேன்!" கோவத்துல எந்தப் பொம்பளைதான் பேசலை? நான் பேசாததா? ஆனா அந்த மனுஷன் திரும்பி வரலையே. கப்பல் தபால்ல ரெண்டு மாசத்துக்கு ஒருதரம் கடுதாசி வரும், அவ்வளவுதான்.

ஐம்பத்தேழு கார்த்திகை மாசம் ஆரம்பத்துல ஒரு கடுதாசி வந்துச்சு. தமிழ் இல்லை, டைப் அடிச்ச இங்கிலீஷ். தாயுமானவன் அதைத் தூக்கிக்கிட்டு இவர்கிட்ட ஓடி வந்தார். பின்னாலேயே மீனாம்பா, தலையில பூவோட. இவர் படிச்சார். பாதியிலேயே கண்ணாடியைக் கழட்டிட்டார். காட்டுக் காய்ச்சல், ரெண்டு நாள், அங்கேயே அடக்கம் பண்ணிட்டாங்களாம். மீனாம்பா அப்படியே சரிஞ்சு விழுந்தா. நான் பிடிச்சுக்கிட்டேன்.

கொஞ்சம் அடங்கினதும் தாயுமானவன்தான் கேட்டார்: "அண்ணே, எந்தத் தேதி? எந்த மாசம்? திதி குறிக்கணுமே."

கடுதாசியில தேதி இருந்துச்சு, மாசத்தோட பேரு இல்லை. பத்தொம்பதாம் தேதி அல்டிமோன்னு போட்டிருந்துச்சு. ஆபீஸ் கடுதாசியில வெள்ளைக்காரன் விட்டுட்டுப் போன பழக்கம் அது. மாசத்தைப் பேர் சொல்லி எழுத மாட்டாங்க, இன்ஸ்டன்ட்னு எழுதுவாங்க, இல்லைன்னா அல்டிமோன்னு எழுதுவாங்க. இவருக்கு ரெண்டுக்கும் வித்தியாசம் சரியாத் தெரியாது. தெரியாதுன்னு சொல்லியிருக்கலாம். நாளைக்கு ஆபீஸ்ல கேட்டுச் சொல்றேன்னு சொல்லியிருக்கலாம். வாய் வரலையே! "அல்டிமோ லத்தீன் வார்த்தைப்பா. கடைசின்னு அர்த்தம். கடுதாசி போட்டது அக்டோபர் இருபத்தஞ்சு. அதுக்கு முன்னாடி கடைசியா வந்த பத்தொம்பது எது? அக்டோபர் பத்தொம்பதுதான்"னு பளிச்சுன்னு சொல்லிட்டார். பூசைக்கு மணியடிச்ச லத்தீன் தைரியம்.

அப்படித்தான் ஐப்பசி தேய்பிறைன்னு திதி குறிச்சாங்க.

மறுவருஷம் ஐப்பசியில ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்துக்குப் போனாங்க. தாயுமானவன் காவேரியில முழுகிட்டுத் தர்ப்பணம் கொடுத்தார். மீனாம்பா வீட்டுலேயிருந்து சமைச்சுக் கொண்டுபோன சோத்தை இலையில வச்சுக் காக்காயைக் கூப்பிட்டாங்க. மண்டபத்து மேல வரிசையா உக்காந்திருந்த காக்கா ஒண்ணுகூட இறங்கலையாம். அடுத்த இலையில எல்லாம் கொத்துதாம், இவங்க இலையை மட்டும் பாத்துட்டுப் பாத்துட்டுத் தள்ளிப் போகுதாம். ஒரு மணி நேரம் உக்காந்துட்டு வந்தாங்க. அதுக்கடுத்த வருஷமும் அதே கதை.

மீனாம்பா எங்கிட்ட வந்து அழுதா. "சோறு போட மாட்டேன்னு சொன்னேன்லக்கா. அதான் என் சோத்தைத் தொட மாட்டேங்கிறாரு. செத்தும் கோவம் ஆறலை."

"அடி போடி! காக்காய்க்கு வயிறு நிறைஞ்சிருந்தா அது என்ன பண்ணும்?"னு நான் அதட்டினேன். அந்த நேரம் எனக்கு ஒண்ணும் தெரியாது.

ஐம்பத்தொம்பது டிசம்பர்ல ஒருநாள் இவர் வேலையிலேயிருந்து வந்தவர் சைக்கிளை நடைபாதையிலேயே போட்டுட்டு உள்ளே வந்து தரையில உக்காந்தார். அன்னைக்கு டைப்பிஸ்ட் லீவுன்னு இவர் தயார் பண்ணின ஒரு கடுதாசியைக் கம்பெனி மேனேஜர் நஜிமுதீன் சார் திருப்பிக் கொடுத்திருக்கார். "என்ன ஸ்தனிஸ்லாஸ், இத்தனை வருஷமாச்சு, இன்னுமா தெரியலை? இன்ஸ்டன்ட்னா நடப்பு மாசம். அல்டிமோன்னா போன மாசம். மாத்தி எழுதி வச்சிருக்கீங்களே"ன்னு சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாராம்.

"போன மாசம், அற்புதம். அக்டோபர்ல போட்ட கடுதாசி. அப்போ செப்டம்பர். அந்த மனுஷன் செத்தது புரட்டாசி. ஒரு மாசம் தள்ளிச் சொல்லிட்டேன். வேற யாரோ நாள்ல அவருக்குச் சோறு வைக்கிறாங்க. எப்படி வந்து சாப்பிடுவார்?"

சேசுவே! சட்டையை மாட்டிக்கிட்டு அப்பவே பக்கத்து வீட்டுக்குக் கிளம்பினார். நான்தான் வாசல்ல குறுக்கே நின்னேன். நான்தான் தடுத்தேன். இதை நான் மறைக்க விரும்பலை.

ஏன் தடுத்தேன்னா, அந்த ஐம்பத்தேழு புரட்டாசிக் கடைசியிலதான் சகுந்தலாவுக்கு வளைகாப்பு. தலைப்பிள்ளை. மூத்தவ, சுமங்கலின்னு மீனாம்பாதான் மஞ்சள் குங்குமத்தோட போய் முதல் வளையல் போட்டா. மார்கழியில குழந்தை செத்துப் பிறந்துச்சு. அதுக்கப்புறம் சகுந்தலா வயித்துல ஒண்ணும் தங்கலை. வளைகாப்பு அன்னைக்குத் தெருவுல ஒரு வெள்ளைச் சேலை கட்டின அம்மா சும்மா நின்னு எட்டிப் பாத்துச்சாம். "அவ பார்வைதான் என் பிள்ளையை முழுங்கிடுச்சு"ன்னு சகுந்தலா இன்னைக்கு வரைக்கும் அந்த அம்மாவோட பேசறதில்லை. வாசல்ல நின்னு பாத்தவளுக்கே அந்த கதின்னா, புருஷன் செத்து இருபது நாளுக்கு மேல ஆனவ கையாலேயே முதல் வளையல் ஏறிச்சுன்னு தெரிஞ்சா? மீனாம்பா அந்த வீட்டுல ஒருநாள் இருக்க முடியுமா? புள்ளையும் கிடையாது, அம்மா வீடும் கிடையாது. எங்கே போவா?

இதெல்லாம் மூடநம்பிக்கைன்னு சொல்லுங்க, நானும் ஒத்துக்கறேன். ஆனா அதைச் சகுந்தலாகிட்ட போய்ச் சொல்லுங்க பாப்போம்.

"வாயை மூடிக்கிட்டு இருங்க. படிச்சுச் சொன்ன வரைக்கும் போதும்"னேன். அவர் சட்டையைக் கழட்டி ஆணியில மாட்டினார். அன்னையிலேயிருந்து யார் கடுதாசி கொண்டு வந்தாலும் கண்ணு தெரியலைன்னு திருப்பி அனுப்பிட்டார்.

பிடிச்சுக்கிச்சு அவரை. விடியக்காலையில எழுந்து உக்காந்துக்குவார். "மாத்ருபூதம் வந்தார், அற்புதம். கையில தட்டு. ஒண்ணும் பேசலை. தட்டை மட்டும் நீட்டறார்"னு சொல்லுவார். சாப்பிட உக்காந்தா முதல் கவளத்தை எடுத்து வாய்கிட்ட கொண்டுபோய் நிறுத்திடுவார். யாரோ எதிர்ல உக்காந்து பாக்கற மாதிரி அவர் கண்ணு போகும். எனக்குச் சோத்துப் பானையை இறக்கவே பயமா இருக்கும். பாவசங்கீர்த்தனத்துல சாமியார்கிட்ட சொல்லிப் பாத்தார். "அது அஞ்ஞானிங்க சடங்கு. அதுல உனக்கென்ன பாவம்? தலைக்கனத்துக்கு மட்டும் அம்பத்து மூணு மணி சொல்லு"ன்னு அனுப்பிட்டாராம். செபமாலையை மூணு தரம் உருட்டினார். தட்டு நீட்டறது நிக்கலை.

அறுபத்திரண்டு புரட்டாசியில, ஒரு வேலைநாள்ல, சாப்பாட்டுத் தூக்கு வேணும்னு கேட்டார். "வெறும் சோறும் பருப்பும் போதும், கொஞ்சம் நெய்"ன்னார். எனக்குச் சந்தேகம் தட்டிச்சு. அவர் பஸ்ஸுக்கு நடந்தார், நான் அடுத்த பஸ்ல ஏறினேன். ஸ்ரீரங்கம் பஸ்ஸுன்னதும் எங்கே போவார்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. அம்மா மண்டபத்துல இறங்கிப் பாத்தா, மகாளயக் கூட்டம், நிக்க இடமில்லை. அதுல இந்த மனுஷன் படிக்கட்டு ஓரமா, கழுத்துல மாதா படம் போட்ட உத்திரியம் தொங்க, வாழை இலையை விரிச்சுச் சோத்தை வச்சுக்கிட்டு இருக்கார். பக்கத்துல இருந்த சாஸ்திரிகள்கிட்ட செத்த தேதியைச் சொல்லி, இந்த வருஷம் திதி என்னைக்குன்னு ஒரு வாரம் முன்னாடியே கேட்டுக்கிட்டுப் போயிருக்கார். தப்பு தெரிஞ்சதுலேயிருந்து மூணு வருஷமும் அதைத்தான் பண்ணியிருக்கார், எனக்குத் தெரியாம.

காக்காயைக் கூப்பிடக்கூட அவருக்கு வெக்கம். சும்மா கையைக் கட்டிக்கிட்டு நின்னார். நான் ஒரு தூணுக்குப் பின்னால நின்னு, வராது, வரக்கூடாதுன்னு மாதாவை வேண்டிக்கிட்டேன். வந்தா நான் என்ன பண்ணுவேன்?

வந்துச்சு. ஒண்ணு இறங்குச்சு, நாலு இறங்குச்சு. இலையில ஒரு பருக்கை விடாம கொத்தித் தின்னுட்டுப் போச்சு.

கூட்டமான நாள்ல காக்காய்க்கென்ன, எந்த இலையானாலும் தின்னும்னு இப்போ சொல்லலாம். அங்கே நின்னப்ப எனக்கு அப்படித் தோணலை. பசிச்ச மனுஷன் சாப்பிட்ட மாதிரிதான் இருந்துச்சு. அவர் திரும்பினப்ப என்னைப் பாத்துட்டார். ரெண்டு பேரும் ஒரே பஸ்ல வீட்டுக்கு வந்தோம். அப்பவும் நான் "சொல்லிடுங்க"ன்னு சொல்லலை. என் பிடிவாதம் அப்படி.

அந்த ஐப்பசியிலயும் மீனாம்பா இலைக்குக் காக்கா வரலை. அதுக்கடுத்த வருஷமும் வரலை. அறுபத்திநாலு பிறந்தப்ப அவ சோறு சாப்பிடறதையே விட்டுட்டா. "அவர் தொடாத சோறு எனக்கெதுக்குக்கா?"ன்னு நீராகாரத்துல ஓட்டினா. கை ரெண்டும் குச்சியாப் போச்சு. சமயபுரத்துக்கு நடந்து போறேன்னு கிளம்பி வழியில மயங்கி விழுந்து, யாரோ வண்டியில ஏத்தி அனுப்பினாங்க. டாக்டர் பாத்துட்டு நோய் ஒண்ணும் இல்லை, சாப்பிடச் சொல்லுங்கன்னார். சாப்பிட்டாத்தானே! இன்னொரு வருஷம் தாங்க மாட்டான்னு எனக்கே தெரிஞ்சு போச்சு. வீட்டை விட்டுத் துரத்திடுவாங்களேன்னு நான் பயந்தேன். இப்போ அவ உசுரே போயிட்டா, அப்புறம் வீடு எதுக்கு?

ஆடி மாசம் தாயுமானவனும் சகுந்தலாவும் அவ அம்மா வீட்டுக்கு மணப்பாறை போயிருந்தாங்க. நான் இவர்கிட்ட, "வாங்க, போய்ச் சொல்லிடலாம். நான் தடுத்தது தப்பு"ன்னேன். அவர் சட்டையை எடுத்து மாட்டினார். பொத்தானை நான்தான் போட்டுவிட்டேன்.

மீனாம்பா சுவர்ல சாஞ்சு உக்காந்திருந்தா. இவர் எதிர்ல தரையில உக்காந்து, கையெடுத்துக் கும்பிட்டுட்டு ஆரம்பிச்சார். "அம்மா, நான் உனக்கு ஒரு துரோகம் பண்ணிட்டேன்." அல்டிமோ, இன்ஸ்டன்ட், லத்தீன், நஜிமுதீன் சார் எல்லாத்தையும் சொன்னார். அவ கண்ணை எடுக்காம கேட்டுக்கிட்டே இருந்தா. கோவப்படுவான்னு பாத்தேன். மூஞ்சியில அறைஞ்சாலும் நான் தடுத்திருக்க மாட்டேன். கடைசியில, புரட்டாசித் திதிக்கு நாலு வருஷமா தானே போய் இலை போடறதையும் இவர் சொன்னார். வேலைக்கு லீவு போட்டுட்டுப் போறதையும் சொன்னார்.

மீனாம்பா நிமிர்ந்தா. "காக்கா வந்துச்சாண்ணே?"

"வந்துச்சும்மா. ஒரு வருஷம் தவறாம வந்துச்சு."

"இலையில மிச்சம் வச்சுச்சா?"

"ஒரு பருக்கை இல்லைம்மா."

அப்போ அழுதா பாருங்க, ஏழு வருஷத்து அழுகை அது. "கோவம் இல்லைக்கா, எம்மேல கோவம் இல்லை! நாள் தெரியாமத்தான் வரலை!"ன்னு என் மடியில விழுந்து அழுதா. நானும் அழுதேன். இவர் சுவரைப் பாத்துத் திரும்பி உக்காந்துக்கிட்டார். நான் எங்க வீட்டுலேயிருந்து சோறும் ரசமும் கொண்டுவந்து பிசைஞ்சு கொடுத்தேன். ரெண்டாந்தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டா.

சாப்பிட்டுட்டுக் கை கழுவப் போனவ, தண்ணிச் சொம்பை வச்சுட்டு அப்படியே நின்னுட்டா. அவளும் அந்த இடத்துக்கு வந்துட்டா.

"அப்போ சகுந்தலா வளைகாப்பு..." தன் கை ரெண்டையும் பாத்தா.

சொம்பை எடுத்துக் கையைக் கழுவிட்டு வந்து உக்காந்தா. குரல் தெளிவா இருந்துச்சு. "அண்ணே, இது இந்த மூணு பேரோட இருக்கட்டும். அவ என்னை வெரட்டிடுவான்னு இல்லை. வெரட்ட மாட்டா, அழுவா. ஏழு வருஷமா எங்கிட்டதான் அவ பிள்ளையைச் சொல்லிச் சொல்லி அழறா. நான்தான் காரணம்னு ஆயிட்டா, அவ யார்கிட்ட போய் அழுவா? ஐப்பசியில நாங்க எப்பவும் போல போறோம். நீங்க புரட்டாசியில விடாம போங்க. எனக்குப் பதிலா நீங்க சோறு போடுங்கண்ணே."

இவர் தலையை ஆட்டினார்.

அந்த வருஷம் ஐப்பசித் திதிக்குத் துணைக்கு நானும் போனேன். தாயுமானவன் இலை வச்சார். எப்பவும் போல ஒரு காக்காவும் இறங்கலை. சகுந்தலா தாங்க முடியாம, "அக்கா, மாமாவுக்கு இன்னுமா கோவம்?"னு கேட்டுக் கண்ணைக் கசக்கினா. மீனாம்பா அவ தலையைத் தடவிக்கொடுத்து, "ஆமாடி, கோவமாத்தான் இருக்காரு. நான் பேசின பேச்சு அப்படி"ன்னா. கண்ணுல ஒரு பொட்டுத் தண்ணி இல்லை. நான் ஆத்தைப் பாத்துக்கிட்டு நின்னேன்.

தட்டு நீட்டறது அதோட நின்னுடுச்சான்னு கேப்பீங்க. நிக்கலை. அவர் சோறு வச்ச அன்னைக்கு மட்டும் நிம்மதியாத் தூங்குவார், மறுநாளே எழுந்து உக்காந்துக்குவார். லத்தீன் போய்ப் பூசையெல்லாம் தமிழ்ல ஆனப்ப ஊரே புரியுதுன்னு சந்தோஷப்பட்டுச்சு. இவர் மட்டும், "முன்னாடியே ஆகியிருக்கக் கூடாதா, அற்புதம்"னு ஒரே ஒரு தரம் சொன்னார்.

அறுபத்தெட்டு ஆவணியில, அரியமங்கலத்துலேயிருந்து வர்ற வழியில சைக்கிளைப் பிடிச்சுக்கிட்டே உக்காந்தவர், எழுந்திருக்கலை. வீட்டுல கிடத்தியிருந்தப்ப தெருவே வந்துச்சு. இங்கிலீஷ் தெரிஞ்ச மனுஷன் போயிட்டாரேன்னு ஒப்பாரி வச்சாங்க. பெட்டியை மூடற நேரம், சகுந்தலா தோளைப் பிடிச்சுக்கிட்டு மீனாம்பா கூட்டத்தை விலக்கிக்கிட்டு வந்தா. அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டா. அப்புறம் என்னைக் கட்டிப் பிடிச்சு அழற மாதிரி, சகுந்தலாவுக்குக் கேக்காம என் காதுகிட்ட வாயை வச்சு, "அக்கா, புரட்டாசித் திதிக்கு இன்னும் பதினஞ்சு நாள்தான் இருக்கு. அவருக்கு இனிமே யாருக்கா சோறு போடுவா?"ன்னு கேட்டா.